நாலாம் பிறையும் எதிர் பிளாக் சமையலறையும்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கிற வானம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் என் பால்கனிக்கு வந்து பார்க்கலாம். எங்கள் பிளாக்குக்கு நேர் எதிரே இன்னொரு பிளாக். அதற்குப் பக்கத்தில் கண்ணாடியும் விளக்குமாக ஒரு புதுக் கொண்டோ அடுக்குமாடி. இரண்டுக்கும் நடுவில், கையை நீட்டி விரல்களை விரித்தால் மறைந்துவிடுகிற அளவுக்கு ஒரு சந்து. மேற்குப் பார்த்த அந்தச் சந்துதான் என் பிரபஞ்சம். அதற்குள் எது வந்து இறங்குகிறதோ அதை மட்டும்தான் நான் பார்க்க முடியும். இன்றைக்கு வியாழன் உச்சியில் ஜொலிக்கிறது என்று காணொளியில் சொல்வார்கள். என் உச்சியில் மேல்வீட்டுக்காரருடைய பனியன் தொங்கும்.

தொலைநோக்கி வாங்கியது டாக்டரால் வந்த வினை. பிரஷர் ஏறியிருக்கிறது, மனசுக்கு அமைதி தருகிற மாதிரி ஏதாவது பொழுதுபோக்கைப் பிடியுங்கள் என்றார். மீன் வளர்க்கச் சொன்னாள் மனைவி. நான் கிரகம் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"மீனுக்காச்சும் தீனி போட்டா கிட்ட வரும்," என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. எனக்கு வேலை கிள்ளானில், துறைமுகத்துப் பக்கம், கண்டெய்னர்களுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிற ஒரு கம்பெனியில். சாயங்காலம் ஃபெடரல் ஹைவேயில் கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும்போது, பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளி கிரகம் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வரும். வீடு வந்து, கைலி மாற்றி, தொலைநோக்கிக் குழாயைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனால், அந்தச் சந்தை மட்டும் தேடி வந்து மூடியிருக்கும் மேகம். மேகம் இல்லாத நாளில் புகைமூட்டம். புகைமூட்டமும் இல்லாத நாளில் ரயில். கீழே ரயில் போனால் பால்கனி அதிரும், பால்கனி அதிர்ந்தால் குழாய் அதிரும், வெள்ளி ஒரு நிமிடத்துக்கு இரண்டாகி, மூன்றாகி, பொங்கல் பானையில் அரிசி மாதிரி குதிக்கும். போன தடவை டாக்டர் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துவிட்டு, "என்ன, ஹாபி ஒண்ணும் பிடிக்கலியா?" என்று கேட்டார். பிடித்ததால்தான் இப்படி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. காரணம் சனி. புது வருஷம் பிறந்ததும் சனி கிரகம் சாயங்கால வேளையில் என் சந்துக்குள் இறங்கும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். அதன் வளையம் நமக்கு நாளுக்கு நாள் ஒல்லியாகத் தெரிந்துகொண்டு வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலத்துக்குக் கோடு மாதிரிகூடத் தெரியாதாம். அது மறைவதற்குள், என் வீட்டில் நின்றபடி, என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அதற்கு எனக்குத் தேவை அந்த ஒரு பால்கனி.

அந்தப் பால்கனிக்கே ஆபத்து வந்தது, விநாயகர் சதுர்த்தி அன்றைக்கு.

அன்று சாயங்காலம் மனைவி கோயிலுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். "கொழுக்கட்டை மூடி வச்சிருக்கேன், எடுத்துச் சாப்பிடுங்க. இன்னிக்கு மட்டும் நிலாவப் பாத்துடாதீங்க." தொப்பையைப் பார்த்துச் சிரித்த நிலாவுக்குப் பிள்ளையார் கொடுத்த சாபம் அது. சதுர்த்தி அன்று நிலாவைப் பார்க்கிறவன் தலையில் செய்யாத தப்புக்குப் பழி வந்து விழும். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். நான் விஞ்ஞானக் கருவி வைத்திருக்கிற ஆள் என்கிற மிதப்பில், "நான் பாக்கப் போறது வெள்ளிய, நிலாவ இல்ல," என்றேன்.

அதிசயமாக அன்றைக்குச் சந்து சுத்தமாக இருந்தது. நிலா இருக்கிற பக்கம் தலையைத் திருப்பக் கூடாது என்று கழுத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, குழாயை மட்டும் வெள்ளியை நோக்கி நகர்த்தினேன். நிமிர்ந்து பார்க்காமல் குழாயைத் திருப்பினால் அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? எதிர் பிளாக்கின் தண்ணீர்க் குழாய் வந்தது. யாருடைய வீட்டு ஏர்கான் பெட்டியோ வந்தது. அப்புறம் ஒரேயடியாக வெளிச்சம். கண்ணுக்குள் டார்ச் அடித்தது போல, குழியும் மேடுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு, நிலா.

கண்ணை உடனே எடுத்திருக்கலாம். நியாயமாகச் சொன்னால், எடுக்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. சாதாரணமாகப் பார்த்தாலே பழி என்றால், நான் பார்த்தது அறுபது மடங்கு பெரிதாக்கி. பழியும் அறுபது மடங்கா என்று யோசனை வந்தபோதுதான் வேர்த்தது.

ஓடிப்போய்க் கைத்தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். அது தமிழ்நாட்டில் செய்த பஞ்சாங்கம். சதுர்த்தி அங்கே சாயங்காலத்தோடு முடிகிறது என்று போட்டிருந்தது. அவர்களுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். கழித்துப் பார்த்தேன். சதுர்த்தி மத்தியானமே முடிந்துவிட்டது! நான் பார்த்தது அஞ்சாம் பிறை! நிம்மதியில் கொழுக்கட்டை இரண்டு உள்ளே போனது.

மனைவி திரும்பி வந்ததும் இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம நேரம் முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"அப்ப கூட்டணுமா, கழிக்கணுமா?"

நான் மறுபடி கைத்தொலைபேசியைத் திறந்தேன்.

"கூட்டணும். நீங்க எட்டிப் பாக்குறப்ப சதுர்த்தி இன்னும் உசுரோடதான் இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தச் சாபத்துக்கு ஒரு பரிகாரம் உண்டு. காணாமல் போன ஒரு ரத்தின மணிக்காகச் சாமிக்கே திருட்டுப் பட்டம் வந்த கதையைக் கேட்டால் பழி விலகுமாம். அன்றே காணொளியில் தேடிக் கேட்டேன். கதையின் முக்கியமான இடத்தில், முடி கொட்டாமல் இருக்க எண்ணெய் விளம்பரம் வந்தது. இடையில் விளம்பரம் வந்தால் பரிகாரம் செல்லுமா என்று தெரியாமல் முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் அதே எண்ணெய்.

அடுத்த நாளிலிருந்து நான் பழியை எதிர்பார்த்து வாழ ஆரம்பித்தேன். மினிமார்க்கெட்டில் ரொட்டி வாங்கினால், ரசீதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டில் யாராவது தனியாக ஏறினால் நான் இறங்கிப் படியில் நடந்தேன். ஆபீசில் யாருடைய பேனாவோ காணவில்லை என்று ஒரு குரல் கேட்டதும், "நான் எடுக்கல லா!" என்று எழுந்து நின்றுவிட்டேன். அதுவரை யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அதற்கப்புறம் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பேனா கிடைத்த பிறகும் பார்த்தார்கள்.

சில நாள் போனது. ஒன்றும் நடக்கவில்லை. சாபமாவது, மண்ணாவது என்று தைரியம் வந்து, மறுபடி குழாயைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எதிர் பிளாக்கிலிருந்து எடுத்த படம். கைலி கட்டிய ஓர் உருவம், பின்பக்கத்தைத் தூக்கிக் குனிந்து, ஒரு பெரிய குழாயில் கண்ணை வைத்திருக்கிறது. குழாயின் வாய் நேராகப் படம் எடுத்தவரைப் பார்க்கிறது. கீழே எழுதியிருந்தது: "இந்த ஆளு தினமும் எங்க வீட்டுச் சமையலறைய பார்க்கிறாரு. மேனேஜ்மென்ட் கவனிக்கவும்."

சந்துக்கு ஒட்டினாற்போல எதிர் பிளாக்கின் ஓரத்தில் இருக்கிற வீடு அது. வெள்ளி என் சந்தில் இறங்குகிற நேரத்துக்கு அந்தச் சமையலறை ஜன்னலில்தான் விளக்கு எரியும். வெள்ளி அந்த ஜன்னலுக்கு ஒரு சாண் பக்கத்தில். குழாய் எதைப் பார்க்கிறது என்று அங்கே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? குழுவில் ஒரு சீன அங்கிள், "வாஹ், வெரி புரொபஷனல்," என்று எழுதியிருந்தார். யாரோ குரங்குப் படம் போட்டிருந்தார்கள்.

ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். எந்த மனைவியும் கேட்கிற கேள்வி வரும் என்று நான் தயாராக நின்றேன்.

"இந்தப் பழைய கைலியோடயா வெளிய நிக்குறீங்க? நல்லது ஒண்ணு வாங்கிக் கொடுத்தேனே!"

"அடியே, என்னை என்ன சொல்லியிருக்காங்கனு படிச்சியா?"

"படிச்சேன். உங்களுக்கு நிலாவே ஒழுங்கா தெரிய மாட்டேங்குது, அடுத்தவங்க சமையலறையா தெரியப்போகுது?"

அவள் நம்பினாள் என்பதற்குச் சந்தோஷப்படுவதா, காரணத்துக்கு வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் மேனேஜ்மென்ட் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தவர் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா, அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் கணவர், வாயே திறக்காத அண்ணன். நடுவில் மேனேஜர், எல்லோரையும் பாஸ் என்று கூப்பிடுகிற ஆள்.

"அக்கா, நான் பாத்தது வெள்ளி," என்றேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல தம்பி, தினமும்தான் பாக்குறீங்க."

"கிரகம்க்கா! உங்க ஜன்னலுக்குப் பக்கத்துல இருக்கு."

"என் ஜன்னலுக்குப் பக்கத்துல ஏர்கான்தான் இருக்கு."

"பாஸ், எனக்குப் பிரச்சனை வேணாம் பாஸ்," என்றார் மேனேஜர். "அக்கா ஒரு தடவ உங்க வீட்டுக்கு வந்து பாக்கட்டும். அவங்க ஓகேனு சொன்னா ஓகே. சொல்ற வரைக்கும் அந்தச் சாமான் பால்கனிக்கு வரக்கூடாது. சரியா பாஸ்?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல? என் பெயரும் பால்கனியும் சனியும் அந்த அக்கா வாயிலிருந்து வர வேண்டிய ஓகேயில் தொங்கின.

அக்கா வரத் தயார்தான். வானம்தான் தயாராக இல்லை. முதல் தடவை அவர் வந்தபோது இடி. இரண்டாவது தடவை புகைமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. "எங்க தம்பி உங்க வெள்ளி?" என்று கேட்டார். அங்கே இருக்கிறது அக்கா, மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் கை காட்டிய விதம், எனக்கே பொய் சொல்கிறவன் மாதிரிதான் தெரிந்தது. நான் நிரபராதி என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, வரமாட்டேன் என்றது.

மூன்றாவது தடவை வானம் திறந்தது. வெள்ளியைக் குழாய்க்குள் பிடித்துக்கொடுத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"தெருவிளக்கு மாதிரி இருக்கு."

"அதான்க்கா வெள்ளி."

"இதுக்கா தினமும் இப்படிக் குனிஞ்சு நிக்கிறீங்க?"

அக்கா நிமிர்ந்து ஒரு நிமிடம் யோசித்தார். தாதியாக இருந்தவர் இல்லையா, சோதனை பாதியில் நிற்காது. "சரி, என் வீட்ட காட்டுங்க. அதுல எவ்வளவு தெரியுதுனு பாக்கணும்."

குழாயை நகர்த்தினேன். இந்தக் குழாயில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், வானத்துக்கு அது போதும், ஆள் பார்க்க இது லாயக்கில்லை என்று என் தரப்பு வாதத்தைச் சொல்லிக்கொண்டே நகர்த்தினேன். அக்கா கேட்கவில்லை. கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, ஆட்டாதீங்க."

"என்னக்கா?"

"அந்த ஆளு பால் டின்ன எடுக்குறாரு."

அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதி. வீட்டில் சீனி, இனிப்புப் பால் எதையும் அவர் தொடக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அக்கா என் வீட்டுக்கு வருகிற சாயங்காலங்கள்தான் அவருக்கு விடுதலை நாட்கள் போலிருக்கிறது. குழாய்க்குள் அண்ணன் தலைகீழாக நின்று, டின்னை வாய்க்கு வைத்து, பாலைக் கீழிருந்து மேலாக ஊற்றிக்கொண்டிருந்தாராம். அக்கா கண்ணை எடுக்காமலேயே கைத்தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டார்.

"என்ன பண்றீங்க?"

அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது. "சும்மா டிவி பாக்குறேன்மா."

"வாயத் தொடைங்க."



அன்றே குழுவில் அக்கா எழுதினார். "நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். வானத்தைத்தான் பார்க்கிறார்." மேனேஜர் கட்டைவிரல் போட்டார். சீன அங்கிளும் போட்டார். என் பெயர் கழுவப்பட்டது, பால்கனி திரும்பக் கிடைத்தது. நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"கொஞ்சம் பாத்துட்டுப் போறேன் தம்பி. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அதற்கடுத்த நாளும் வந்தார். தீபாவளி முடிந்தும் வந்தார். அந்த மாதத்தில் அண்ணன் பலகாரத்தில் கை வைத்த ஒவ்வொரு தடவையும் என் பால்கனியிலிருந்து ஒரு போன் போனது. செய்யாத தப்புக்கு என் மேல் பழி வந்ததல்லவா, இப்போது அந்தத் தப்பு என் பால்கனியில், என் குழாயில், புகார் கொடுத்தவர் கையாலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. மறுத்துப் பார்த்தேன். "ஏன் தம்பி, நான் பாக்கக் கூடாத மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று ஒரு பார்வை பார்த்தார். குழுவில் எழுதிய ஓகேயை அழிக்க எவ்வளவு நேரமாகும்? மனைவி அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். என் வீட்டில் எனக்குத்தான் குழாய் இல்லை.

புது வருஷம் பிறந்தது. சனி சந்துக்குள் இறங்கிவிட்டது. வெள்ளிக்குப் பக்கத்திலேயே, வெறும் கண்ணுக்கு மங்கலாக ஒரு புள்ளி. நான் புள்ளியைப் பார்ப்பேன், அக்கா சமையலறையைப் பார்ப்பார். "அஞ்சு நிமிஷம் தம்பி, இப்பதான் ஃபிரிட்ஜ் பக்கம் போறாரு." அந்த ஐந்து நிமிடத்தில் சனி கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். வளையம் ஒவ்வொரு நாளும் ஒல்லியாகிக்கொண்டிருந்தது, என் பிரஷர் தடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் நான் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். கீழே கார் நிறுத்துகிற இடத்தில், தனியாக. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அந்தக் குழாய்லயா தெரியுது? நான் அவளுக்கு ஏதோ சாமி வந்து சொல்லுதுனு நெனச்சேன் தம்பி. பயந்து போய் ரெண்டு தடவ முருகனுக்கு அர்ச்சனை வச்சேன்."

"அண்ணே, ஜன்னலுக்கு ஒரு திரை போட்டா போதும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் நாளே அந்த ஜன்னலில் முழம் துணி தொங்கியிருந்தால் படம் இல்லை, புகார் இல்லை, பாஸ் இல்லை. மறுநாள் அக்கா சந்தைக்குப் போன நேரத்தில், நான் எதிர் பிளாக்குக்குப் போய் நாற்காலி மேல் ஏறித் திரைக்கம்பி அடித்தேன். எந்தச் சமையலறையைப் பார்த்தேன் என்று பழி வந்ததோ, அந்தச் சமையலறைக்குள் அன்றுதான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தேன். பூப்போட்ட பச்சைத் திரை. அண்ணன் நன்றியாக ஒரு டம்ளர் பால் நீட்டினார். நான் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். வானம் அன்றைக்குக் கழுவி விட்டது போல இருந்தது.

"எவன் வேலையோ," என்றார். நாற்காலியில் சாய்ந்தார். வந்த வழியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "சரி. தினமும் சனி, சனின்னு பொலம்புறீங்களே, அதையாச்சும் காட்டுங்க."

சனியைத் தேடிப் பிடித்தேன். நியாயமாக நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். மையத்தில் நிறுத்துகிற அவசரத்தில் ஒரு மங்கல் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அதற்குள் அக்கா குனிந்துவிட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி," என்றார் அக்கா, குரல் வேறு மாதிரி இருந்தது. "பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மீன் உருண்டைய குச்சியில குத்தி விப்பான்ல? அது மாதிரி. நடுவுல உருண்டை, ரெண்டு பக்கமும் குச்சி. எவ்வளவு சின்னதா, எவ்வளவு சுத்தமா இருக்கு."

"அதான்க்கா வளையம். நான் பாக்குறேன், கொஞ்சம்..."

"இருங்க."

அவர் எழுந்தபோது ரயில் வந்தது. நான் கண்ணை வைத்தபோது மீன் உருண்டை நாலாகிக் குதித்தது. ரயில் கடந்து போவதற்குள் சனி குழாயின் ஓரத்துக்கு நழுவியது. பிடிக்கப்போன அவசரத்தில் நான் குழாய் நிற்கிற முக்காலியைக் காலால் தட்டினேன். மறுபடி தேடிப் பிடித்தபோது கட்டடத்து மேல் மூலை வந்து அதை விழுங்கிவிட்டது.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"அக்கா பார்த்தாங்க," என்றேன்.

அதற்கப்புறம் வந்த சாயங்காலங்களில் மழை. பிறகு சனி சூரியனின் வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிட்டது. நான் பார்க்காத வளையத்தை அக்கா இரண்டு பிளாக்கிலும் லிஃப்டு லிஃப்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஆட்கள் என் வீட்டைத் தேடி வந்து, மீன் உருண்டை காட்டுவீர்களாமே என்று கேட்கிறார்கள். எதிர் பிளாக்கில் முக்கால்வாசி ஜன்னலுக்குத் திரை வந்துவிட்டது. குழுவில் தினமும் சாயங்காலம் அக்காவே வானிலை போடுகிறார். நேற்று போட்டது: "இன்று மேகமூட்டம். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. யாரும் திரை போட வேண்டாம்."

எல்லோரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். முதல் கட்டைவிரல் என் மனைவியுடையது.